சிங்கப்பூர் மண்ணில் நிலக்கலை: தொடங்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

நிலக்கலையைப் பற்றிப் படிக்கும் சிங்கப்பூரர் பலருக்கும் முதலில் எழும் கேள்வி, அதற்கு இங்கே இடம் எங்கே இருக்கிறது என்பதுதான். கேள்வி நியாயமானது. 1960களின் பிற்பகுதியில் கலைக்கூடங்களை விட்டு வெளியேறி, மண்ணையும் கல்லையும் கொண்டே கலை செய்யத் தொடங்கியவர்களின் பெயர்பெற்ற படைப்புகள் பல, மனித நடமாட்டம் அரிதான வறண்ட நிலங்களில் இருக்கின்றன. ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியின் கரையிலிருந்து நீருக்குள் 6,000 டன்னுக்கு மேற்பட்ட கருங்கல்லையும் மண்ணையும் கொட்டி, ஏறத்தாழ 460 மீட்டர் நீளமுள்ள சுருள்பாதை ஒன்றை அமைத்தார். வால்டர் டி மரியா 1977இல் நியூ மெக்சிகோவில் 400 எஃகுக் கம்பங்களை ஒரு மைல் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்பில் நட்டார். அப்படிப்பட்ட வெட்டவெளி நம்மிடம் இல்லை. இருந்தாலும் நமக்கு அது வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஏனென்றால் இந்தத் தீவே ஒரு மாபெரும் மண்வேலை. விடுதலை பெற்ற காலத்தில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களின் குன்றுகளை வெட்டி எடுத்த மண்ணைக் கொண்டு 1966 முதல் கிழக்குக் கடற்கரை தூர்க்கப்பட்டது; இன்று நாம் மிதிவண்டி ஓட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அப்படி வந்த நிலம்தான். இத்தனை மண் இடம்பெயர்ந்த ஊரில் புதிதாக ஒரு மேட்டை எழுப்புவதற்குப் பெரிய பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலடியில் இருக்கும் நிலம் எங்கிருந்து வந்தது, அதன்மேல் எந்த நீர் ஓடுகிறது, எந்த நேரத்தில் எந்த நிழல் விழுகிறது என்பதைப் பார்க்கவைக்கும் இலேசான ஓர் அடையாளத்தை வைத்து, மீதி வேலையை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவதே இங்கே பொருந்தும் முறை.

இதற்கு உள்ளூரிலேயே முன்னோடி இருக்கிறார். டாங் டா வூ 1979இல் அங் மோ கியோவில், நகரமைப்புக்காகத் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த நிலத்தில் மழை அரித்த பள்ளங்களின் குறுக்கே நீண்ட துணிகளைத் தொங்கவிட்டார். மழையும் மண்ணும் வெயிலும் அந்தத் துணிகளில் பதித்த கறைகளே படைப்பாயின. அவற்றையும் தொடர்புடைய பிற வேலைகளையும் 1980இல் தேசிய அரும்பொருளகக் கலைக்கூடத்தில் ‘எர்த்வொர்க்ஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். பின்னர் 1988இல் செம்பவாங்கின் லோரோங் கம்பாஸ் பகுதியில் ‘கலைஞர் கிராமம்’ என்ற கலைஞர் கூட்டமைப்பைத் தொடங்கியவரும் அவரே. சிங்கப்பூரில் நிலக்கலை செய்யப் புகுவோர் யூட்டாவின் சுருளைவிட அங் மோ கியோவின் துணியை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குத் தேவைப்பட்டவை துணியும் பொறுமையும் மட்டுமே.

இடத்தைப் படித்தல்

பொருளைத் தேடுவதற்கு முன் இடத்தைத் தேடுங்கள். பத்து நிமிட நடையில் போய்வரக்கூடிய இடமாக இருப்பது மிக முக்கியம். அப்போதுதான் விடியலிலும் நண்பகலிலும் மழை நின்ற உடனும் அதைப் பார்க்க முடியும். புளோக்குகளுக்கு இடையில் உள்ள புல்திடல், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம், சமூகத் தோட்டம், கோயில் வளாகத்தின் பின்புறம் ஆகிய எல்லாமே தகுதியானவை. அழகான இடம் வேண்டும் என்று அலைய வேண்டாம்.

இடம் கிடைத்ததும், அது முன்பு என்னவாக இருந்தது என்று கண்டுபிடியுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய நில அளவை வரைபடங்களைப் பார்க்கலாம். உங்கள் புளோக் நிற்கும் இடத்தில் ரப்பர்த் தோட்டமோ சதுப்புநிலமோ கம்பம் எனப்படும் கிராமமோ கடலோ இருந்திருக்கக்கூடும். அடுத்து மண்ணைப் பாருங்கள். தீவின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் அடியில் கிடப்பது புக்கிட் தீமா கருங்கல். மேற்கே ஜூரோங்கின் படிவுப் பாறைகள். கிழக்கே பிடோக், சாங்கி பக்கம் பழைய ஆற்றுப் படிவு. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மென்மையான கடற்களிமண். இவற்றுள் எது உங்கள் திடலில் இருக்கிறது என்பதை மேற்பரப்பு மட்டும் காட்டிவிடாது, ஏனெனில் கட்டுமானத்தின்போது வேறிடத்து மண் மேலே போடப்பட்டிருக்கும். ஆயினும் ஒரு பிடி ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டிப் பாருங்கள். நூல்போல நீண்டால் களிமண் மிகுதி. நீளாமல் உதிர்ந்தால் மணல் மிகுதி. களிமண் மழைநீரைத் தேக்கும், மணல் விட்டுவிடும். நீங்கள் எதைச் செய்தாலும் அது எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த ஒரு பிடி மண்ணே பாதி சொல்லிவிடும்.

மழை பெய்யும்போது கூரை போட்ட நடைபாதையில் நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் கால்வாயில் இறங்குகிறது என்று கவனியுங்கள். எறும்புப் புற்றுகள் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். புல் வெட்டுபவர்களோடு பேசுங்கள். நம் குடியிருப்புகளில் புல் வெட்டி, மரம் கழித்து, சருகு கூட்டும் வேலையைச் செய்பவர்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. இந்த நிலத்தோற்றத்தை ஒவ்வொரு நாளும் கையால் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் அவர்கள்தாம். “அண்ணே, இந்தப் பக்கம் அடுத்த வெட்டு எப்போ?” என்று ஒரு வார்த்தை கேட்டால், வெட்டும் நாள் மட்டுமன்றி, எந்தச் சரிவில் மண் இறங்குகிறது, எந்த மரம் எப்போது இலை கொட்டும் என்பதையும் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு வேலையைச் செய்துவிட்டு, அது குப்பையாக வாரப்பட்டுவிட்டது என்று வருந்துவதில் நியாயமில்லை.

மண் எடுக்கப்பட்ட இடம் ஒன்றையும் நேரில் போய்ப் பார்த்துவருவது பயன் தரும். ஸ்மித்சன் 1971இல் நெதர்லாந்தின் எம்மன் நகருக்கு அருகே மணல் எடுத்த குழியில்தான் அடுத்த பெரிய வேலையைச் செய்தார். நமக்குப் புக்கிட் பாத்தோக்கில் ‘லிட்டில் குய்லின்’ என்ற பழைய கல்லுடைப்புக் குழி இருக்கிறது. புலாவ் உபினின் கல்லுடைப்புக் குழிகள் இருக்கின்றன. உபினின் கருங்கல்லைக் கொண்டே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது. இன்று அந்தக் குழிகளில் நீர் நிறைந்து, சுற்றிலும் காடு ஏறிவிட்டது. எவரும் கலையாகக் கருதிச் செய்யாத இந்தப் பள்ளங்களில், மனிதர் விட்டுப்போன நிலத்தை மழையும் விதையும் எந்த வரிசையில் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்பதைத் தெளிவாகக் காணலாம்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. இயற்கை வனங்களில் எதையும் செய்யாதீர்கள். புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கிலும் செடியையோ அதன் பகுதியையோ எடுத்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மற்றப் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். உதிர்ந்து கிடப்பதை எடுப்பதற்கும் அனுமதி தேவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திடலென்றால் நகர மன்றம், பள்ளியென்றால் முதல்வர், கோயிலென்றால் நிர்வாகக் குழு. பொது நடைபாதையிலும் சுவரிலும் சாயத்தாலோ சுண்ணக்கட்டியாலோ எழுதாதீர்கள். பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவதாக அது கொள்ளப்படும். கடிதத்தில் என்ன பொருள், எத்தனை மணி நேரம், யார் அகற்றுவார், தரையில் என்ன மிச்சமிருக்கும் என்ற நான்கையும் எழுதுங்கள். மிச்சம் எதுவும் இருக்காது என்று உண்மையாக எழுத முடிந்தால் பெரும்பாலும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

இலைக்கோடு: முதல் வேலை

எளிதாகத் தொடங்க ஏற்றது நாட்டு வாதுமை இலை. மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்று சொல்லும் இந்த மரம் நம் கடற்கரைகளிலும் குடியிருப்புகளிலும் நிறைய உண்டு. இலையுதிர்காலம் என்ற ஒன்றே இல்லாத இந்த ஊரில், பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை தன் இலைகளைச் சிவக்கவைத்து உதிர்க்கும் மரம் இது. ஒரே மரத்தடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், இரத்தச் சிவப்பு, காவி, காய்ந்த பழுப்பு என்று எல்லா நிறமும் ஒரே காலையில் கிடைக்கும்.

இலைகளைப் பொறுக்கி முதலில் நிறவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே இலையில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம் இருந்தால் அதைத் தனியே வையுங்கள். இரண்டு நிறக் கூட்டங்களை இணைக்கும் பாலமாக அதுதான் உதவும். இணைப்பதற்குப் பசையோ கம்பியோ வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு போதும். நம் ஊரில் மந்தார இலையை வைத்துச் சாப்பாட்டுத் தையல் இலை தைத்தவர்கள் செய்ததுபோலவே, ஓர் இலையின் நுனி அடுத்த இலையின் அடிமேல் இரண்டு விரற்கடை ஏறும்படி வைத்து, ஈர்க்கை மேலிருந்து குத்தி, கீழே சற்றே ஓட்டி, மீண்டும் மேலே எடுத்து, மீதியைக் கிள்ளிவிட வேண்டும். நடுநரம்பைக் குத்தினால் இலை பிளக்கும். நரம்புக்கு ஓர் ஓரமாகக் குத்துங்கள். நன்றாகக் காய்ந்த இலை நொறுங்கும் என்பதால் பழுப்பு இலைகளை மட்டும் சிறிது நேரம் ஈரத்துணியில் சுற்றிவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் நிலக்கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி முட்களால் இலை கோத்த படங்களைப் பார்த்து வியப்பவர்களுக்கு, அதே நுட்பம் நம் பாட்டிமார் கையில் அன்றாட வேலையாக இருந்தது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

கோட்டை எங்கே இடுவது என்பதில்தான் கலை இருக்கிறது. மழைநீர் ஓடும் வழியை நீங்கள் ஏற்கெனவே கவனித்திருப்பீர்கள். அந்த வழியிலேயே, மேட்டிலிருந்து கால்வாய்க்குச் சற்று முன்வரை, பச்சையில் தொடங்கிப் பழுப்பில் முடியுமாறு கோட்டை விரியுங்கள். மழை வந்ததும் நீர் அதே வழியில் இறங்கி, கோட்டை வளைத்து, உடைத்து, ஓரிடத்தில் குவிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஓட்டம் கொஞ்ச நேரத்துக்கு நிறமாகத் தெரியும். இலைகள் கால்வாயை அடைக்காதபடி கீழ்முனையில் ஒருவர் நின்று வாரிக்கொள்ள வேண்டும்.

இந்த இலை கிண்ணம்போலக் குழிந்து நீரைத் தேக்கக்கூடியது என்பதை மறக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே இலைகளைக் குப்புற வையுங்கள், மழைக்குப் பின் ஒரு சுற்று வந்து நீரைக் கொட்டுங்கள், வேலையை ஒருநாளுக்கு மேல் கிடக்கவிடாதீர்கள். சிரட்டையைப் பயன்படுத்துவோர்க்கும் இதுவே விதி.

கோலம் போட்டுப் பழகியவர்கள் அரிசிமாவைக் கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். எறும்பு தின்றுவிடும், மழை கரைத்துவிடும் என்று தெரிந்தே போடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மஞ்சள்தூளும் கரித்தூளும் சேர்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் செயற்கைச் சாய ரங்கோலிப் பொடியை மண்ணில் தூவாதீர்கள், அது கால்வாய் வழியே நீர்த்தேக்கத்துக்குப் போகும். வாசலுக்கு மங்கலம் சேர்ப்பது கோலத்தின் நோக்கம். இங்கே நீங்கள் மாவை வைக்கும் இடத்தை நிலத்தின் சரிவும் எறும்பின் பாதையும் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் கைப்பழக்கம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

நிழலை வரைதல்

குளிர்காலமும் வசந்தமும் இல்லாத நாட்டில் காலத்தை எப்படிக் காட்டுவது என்று பலர் திகைக்கிறார்கள். நான்சி ஹோல்ட் 1973 முதல் 1976 வரை யூட்டா பாலைநிலத்தில் நான்கு பெரிய கான்கிரீட் குழாய்களை வைத்தார்; கோடையிலும் குளிரிலும் சூரியன் தன் எல்லையைத் தொடும் நாள்களில், எழும்போதும் விழும்போதும் அக்குழாய்களின் வழியே தெரியும். நமக்கோ பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பத்து நிமிட அளவே மாறுகிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருப்பதால், வெகு வடக்கே வாழ்பவர் எவருக்கும் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது: நம் நண்பகல் நிழல் ஆண்டில் பாதி தெற்கிலும் பாதி வடக்கிலும் விழுகிறது.

இதைச் செய்துபார்க்க, நாள் முழுவதும் வெயில் படும் சமதரையில் ஒரு மீட்டர் உயரக் கழி ஒன்றை நடுங்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். சாய்ந்திருந்தால் எல்லா அளவும் பிழையாகும். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மணிக்கொரு முறை நிழல்நுனி விழும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். நம் கடிகாரம் 1982 முதல் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், நிழல் மிகக் குட்டையாவது பகல் பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியையொட்டி. ஜூன் 21ஐ ஒட்டிய நாள்களில் அந்தக் குட்டை நிழல் தெற்கே சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். டிசம்பர் 21ஐ ஒட்டி வடக்கே சுமார் 46 சென்டிமீட்டர். மார்ச் 23, செப்டம்பர் 20 வாக்கில் அந்த நேரத்தில் கழிக்கு நிழலே இராது.

மணிக்கொரு கல்லாக வைத்ததை இணைத்துப் பார்த்தால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிழக்குமேற்காக ஒரு நேர்க்கோடு வரும். ஜூனில் கழிக்குத் தெற்கே ஒரு வளைவு, டிசம்பரில் வடக்கே இன்னொரு வளைவு; இரண்டும் கழியை நடுவில் வைத்து முதுகோடு முதுகு காட்டி நிற்கும். இந்த மூன்று கோடுகளும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், தரைமட்டத்துக்குப் புதைத்த செங்கற்களால் நிரந்தரமாக இருக்குமானால், ஆண்டில்லாத ஊர் என்று நாம் நினைக்கும் இந்த ஊருக்கு ஓர் ஆண்டு உண்டு என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நான் இந்த வழிகாட்டியில் சொல்லும் எல்லாவற்றிலும் ஆசிரியர்கள் செய்துபார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புவது இதையே.

மழையையும் ஓதத்தையும் கணக்கில் வைத்தல்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. டிசம்பரில் 300 மில்லிமீட்டருக்கு மேல், பிப்ரவரியில் ஏறக்குறைய 100. வேலை சில நாள் நிற்க வேண்டுமென்றால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள். மழையே படைப்பாளியாக வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பர் மாதங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ராவிலிருந்து காற்றோடு வரும் மழை, இலகுவான எதையும் தூக்கிச் சென்றுவிடும். பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகல் இடிமழை. இடிச் சத்தம் கேட்ட உடனே வேலையை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். திறந்த திடலில் கழியோடு நிற்பது உயிருக்கு ஆபத்து.

மழையைக் கொண்டு வரைய எளிய வழி, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றை எடுத்து, சரிவின் கீழ்ப்பக்கத்தில் நான்கு முளைகளில் இழுத்துக் கட்டுவதுதான். நீர் தேங்காதபடி சாய்வாகக் கட்டுங்கள். ஒவ்வொரு மழைக்கும் மண் தெறித்து ஒரு கறை படியும்; ஓரிடத்து மண் ஒரு நிறமாகவும் மற்றோர் இடத்து மண் வேறு நிறமாகவும் பதியும். ஒரே துணியைக் கிழித்து, வெவ்வேறு பேட்டைகளில் உள்ள நண்பர்களிடம் கொடுத்து, ஒரே மாதம் கட்டவைத்துப் பிறகு பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டால், தீவின் மண்வரைபடமே துணியில் வந்துவிடும்.

கடற்கரையில் வேலை செய்ய, கடலின் ஏற்ற இறக்க நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை வேண்டும். நமக்கு நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் மிகத் தொலைவு இறங்கும். கடல் இறங்கத் தொடங்கிய பிறகு நீரின் விளிம்பைப் பின்தொடர்ந்து, அரைமணிக்கொரு முறை விளிம்பு நிற்கும் இடத்தில் மணலைக் கையால் வரப்பாகக் கூட்டிக்கொண்டே போனால், இறங்கிய நேரம் முழுவதும் மணலில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். ஏறும் கடல் அதைக் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்கும். கற்களைப் புரட்டாதீர்கள், சிப்பியைச் சேர்க்காதீர்கள்; அவற்றின் அடியிலும் உள்ளேயும் உயிர்கள் இருக்கின்றன. சாங்கி, பாசிர் ரிஸ் கரைகளில் நீர் வற்றியதும் சிறுநண்டுகள் மணலை வாயில் வடித்து, மிளகளவு உருண்டைகளாக்கி, வளையைச் சுற்றிக் கதிர்கதிராக அடுக்கிவைப்பதைப் பார்க்கலாம். அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள்.

பழைய கரையை நீரால் எழுதுதல்

எந்தப் பொருளும் எடுக்காமல், எதையும் நடாமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. ரிச்சர்ட் லாங் 1967இல் இங்கிலாந்தில் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து நடந்தே ஒரு கோட்டை உண்டாக்கிப் படமெடுத்தார், நடையே படைப்பானது. நமக்கு அதற்கு மிகப் பொருத்தமான இடம் தெலுக் ஆயர் ஸ்திரீட். அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் தென்னிந்திய முஸ்லிம்கள் நாகூர் தர்காவைக் கட்டியபோது அந்தத் தெரு கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நன்றி சொல்லித் தொழ அங்கேதான் வந்தார்கள். இன்று அதன் வாசலில் நின்று பார்த்தால் அலுவலகக் கோபுரங்கள்தாம் தெரிகின்றன.

ஒரு பூவாளியில் நீர் நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறிய நேரத்தில், தெருவின் நடைபாதை ஓரமாகப் பழைய கரை போன வழியில் மெல்லிய நீர்க்கோடு ஒன்றை ஊற்றிக்கொண்டே நடங்கள். பாதசாரிகளுக்கு வழுக்காதபடி, வழியை மறிக்காதபடி, ஓரத்தில் மட்டும். சுடும் கல்லில் கோடு உங்களுக்குப் பின்னாலேயே காய்ந்துகொண்டு வரும். பிறகு அங்கிருந்து கடலை நோக்கி நடங்கள். மரினா பே வரும், ஆனால் அது கடல் அல்ல. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின் அந்த விரிகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. உப்புநீரைப் பார்க்க அணைக்கட்டின் மறுபுறம்வரை போக வேண்டும். பூவாளியில் ஒரு வாய் நீரை மிச்சம் வைத்திருந்து அங்கே ஊற்றிவிட்டால் நடை முடிந்தது. இருநூறு ஆண்டுகளில் கரை எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்பதைக் காலே அளந்திருக்கும்.

விதைத்தல்

ஆக்னஸ் டெனிஸ் 1982இல் நியூயார்க்கின் வால் ஸ்திரீட்டுக்கு அருகே, கட்டட மண் கொட்டி நிரப்பிய இரண்டு ஏக்கரில் கோதுமை விதைத்து, ஆயிரம் பவுண்டுக்கு மேல் அறுவடை செய்தார். விலைமதிப்பற்ற மனையில் தானியம் நின்ற காட்சி, நிலத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்வியை எல்லோரையும் கேட்கவைத்தது. மீட்கப்பட்ட நிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது.

தேசியப் பூங்காக் கழகம் குடிமக்களுக்கு வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்டது. அதில் சிவப்புக்கீரையையும் பச்சைக்கீரையையும் ஒரு வரைபடமாக விதைக்கலாம். உங்கள் பேட்டையில் முன்பு ஓடி, இன்று கான்கிரீட் கால்வாயாகிவிட்ட ஓடையின் வடிவத்தைச் சிவப்பில் விதைத்து, சுற்றிலும் பச்சையை நிரப்புங்கள். விதை நுண்ணியது என்பதால் உலர்ந்த மணலோடு கலந்து, கூம்பாகச் சுருட்டிய தாளின் நுனி வழியே விடுங்கள். இல்லையென்றால் கோடு கலைந்துவிடும். ஓடை மெல்ல நிறம் பிடித்து வரும், நான்கு வாரத்தில் அறுத்துச் சமைத்துவிடலாம். முளைப்பாரி போட்டுப் பழகிய குடும்பங்களுக்கு, வளர்த்ததை நீரில் விடுவதுபோல வளர்த்ததை அறுத்துவிடுவதும் மனத்துக்கு ஒத்துவரும்.

பதிவு

கலைந்துபோகும் வேலைக்குப் பதிவே நெடுநாள் உடல். கேமராவை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் வைத்து, வேலை தொடங்கும் முன், முடிந்த உடன், பிறகு குறித்த இடைவெளியில், கடைசியாக இடம் வெறுமையான பின் என்று எடுங்கள். வெறும் தரையின் படம் இல்லாமல் பதிவு முழுமையாகாது. ஸ்மித்சன் தன் சுருளை மேலிருந்து காட்ட ஹெலிகாப்டரில் பறக்க வேண்டியிருந்தது. நமக்குப் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரம் இருக்கிறது. வீவக திடலில் செய்யும் எந்த வேலையையும் சமையலறைச் சன்னலிலிருந்து நூறு குடும்பங்கள் நேர்மேலாகப் பார்க்கும். எனவே வடிவத்தைத் தரையில் நின்று முடிவு செய்யாமல், ஒருவரை மேலே நிறுத்தி, கைபேசியில் வழிசொல்லச் சொல்லி அமையுங்கள். மேல்மாடியில் இருக்கும் அத்தையையோ மாமாவையோ அந்த வேலைக்குக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வேலை அவர்களுடையதும் ஆகும். டிரோன் வேண்டுமென்றால் விதிகளை முதலில் பாருங்கள், 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே இடம், தேதி, பொருள், தொடங்கிய நேரம், கலைந்த விதம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். “நாட்டு வாதுமை இலை, ஈர்க்கு. காலை ஒன்பது மணிக்கு விரித்தது. மாலை மழையில் பாதி இறங்கியது, மீதி வாரப்பட்டது” என்பது போதும், தத்துவ விளக்கம் சேர்க்கத் தோன்றினால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முளைகளையும் கழியையும் பிடுங்கிக் குழியை மூடி மிதியுங்கள். இலைகளை எடுத்த மரத்தடியிலேயே திரும்பப் போடுங்கள், அங்கே அவை மண்ணாகும். கயிறு ஒரு துண்டுகூட விடுபடாமல் எண்ணிப் பாருங்கள். பிறகு படங்களை அனுமதி கொடுத்த அலுவலருக்கும், மேலே நின்று வழிசொன்னவருக்கும், புல்வெட்டும் அண்ணனுக்கும் அனுப்பிவைத்து, அடுத்து எந்த மாதத்தில் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.